மூன்று கோர்ட்டும் ஒரு குளியலறைக் கதவும்

அப்பாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சர்க்கரை வியாதி எடுத்துக்கொண்டது. ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, காரிலிருந்து தூக்கிக்கொண்டே, "பரவாயில்லப்பா, பாரம் கொறஞ்சிருச்சு, இனிமே தூக்குறது ஈசிலா" என்றேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். அப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் என் வாய்க்கு அவர் ஒருவர்தான் ரசிகர்.

வீடு சுங்கை சிப்புட்டில், மலிவு விலை வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தை விற்று, வேலைக்காரர்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது எங்களைப் போன்றவர்கள் வந்து சேர்ந்த இடம். சமையலறைக்குப் பின்னால் ஒரு குளியலறை, அதற்குள்ளேயே கழிப்பிடம். உள்ளே போக ஒரு படி இறங்க வேண்டும். கதவு எவ்வளவு குறுகல் என்றால், அம்மாவே கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். சக்கர நாற்காலி அந்த நிலையில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அப்பாவை யாராவது தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்து, வெளியே காத்திருந்து, மறுபடி தூக்கி வர வேண்டும்.

அந்த யாராவது பகலில் கிடையாது. நான் லோரி ஓட்டுகிறேன். கமுந்திங்கில் கோழித் தீவனம் ஏற்றிச் செமோர் பக்கத்துப் பண்ணைகளில் இறக்கும் வேலை. அம்மா கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறவர், விடியும் முன்பே பஸ் வந்துவிடும். சாயங்காலம் வரை அப்பா தனி.

அப்பா எதையும் கேட்டு வாங்குகிற மனிதர் இல்லை. இதை மட்டும் கேட்டார்.

"பெரிய கதவா ஒண்ணு போட்டு, அந்தப் படிய எடுத்துட்டீங்கன்னா, நானே உள்ள போயி நானே சாத்திக்குவேன்டா. நீ வெளிய நின்னு விசில் அடிச்சா எனக்கு வரவும் மாட்டேங்குது."

"வேற பாட்டு வேணும்னா சொல்லுங்கப்பா" என்றேன்.

செலவைச் சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் ஏற்றுக்கொண்டான். அங்கே லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. பாலத்தைத் தாண்டிப் போய் பல வருடம் ஆகிவிட்டதால் எதைப் பேசினாலும் "இங்கெல்லாம்" என்றுதான் ஆரம்பிப்பான். இங்கெல்லாம் பஸ் சொன்ன நேரத்துக்கு வரும். இங்கெல்லாம் ரோட்டில் குழி இருக்காது. "அங்கெல்லாம் அம்மா சமைக்கிற கருவாட்டுக் குழம்பு கெடைக்குமா?" என்று கேட்டால் போனை வைத்துவிடுவான்.

அவனிடம் ஒரு கதை உண்டு. எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஒருமுறை அவன் வாங்கிய அலமாரியின் கதவு கோணலாக வந்தது. கடைக்காரன் மாற்றித் தர மாட்டேன் என்றான். அண்ணன் ரயிலில் நின்றபடியே, சின்னச் சின்ன வழக்குகளைப் பார்க்கிற மன்றத்துக்குக் கைப்பேசியில் மனு போட்டான். கட்டணம், ஒரு கோழிச் சோறும் கோப்பியும் சாப்பிடுகிற காசு. வக்கீல் வேண்டாம். லீவு வேண்டாம். விசாரணைக்கு முன்னாலேயே கடைக்காரன் புதுக் கதவோடு வந்து நின்றானாம்.

"இங்கெல்லாம் பேப்பருக்கு ஒரு மரியாத இருக்குடா. நீங்க வாயாலயே பேசி வாயாலயே ஏமாந்து போறவங்க" என்பான்.

ஆகவே குளியலறைக்கும் பேப்பர் வந்தது. சிங்கப்பூரில் வீடு புதுப்பிக்கிறவர்கள் கையெழுத்து வாங்குகிற ஒப்பந்தத்தை எங்கிருந்தோ எடுத்து, பெயரையும் வேலையையும் மட்டும் மாற்றி வாட்சாப்பில் அனுப்பினான். நான் கடையில் அச்செடுத்தேன். முழுக்க இங்கிலீஷ். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். ஆனாலும் கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது எனக்கே புரிந்தது. இதில் தகராறு வந்தால் சிங்கப்பூர்ச் சட்டப்படி, சிங்கப்பூர் நீதிமன்றத்தில்தான் பேச வேண்டும் என்று போட்டிருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "டேய், சிங்கப்பூர்னு இருக்கே, மாத்த வேணாமா?"

"இருக்கட்டும்டா. அதப் பாத்தாத்தான் ஆளு பயப்படுவாரு" என்றான்.

ஆள் பயப்படவில்லை. கட்டட வேலை எடுத்துச் செய்கிற அந்தக் குத்தகைக்காரர் எங்கள் லயத்தின் கடைசி வீட்டுப் பிள்ளை. அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில் அவர் சின்னப் பையன். அப்பாவை 'அண்ணே' என்பார், நான் அவரை 'மாமா' என்பேன். பழைய பிக்கப் வண்டியும் சிமெண்டு கலக்குகிற மெஷினும் வைத்துக்கொண்டு வீடுகளை உடைத்துக் கட்டித் தருகிற தொழில். ஒப்பந்தத்தை நீட்டியதும் முகத்தைச் சுருக்கினார்.

"என்னண்ணே இது, உங்களுக்கு பாத்ரூம் கட்ட எனக்கு அக்ரிமெண்டா?"

"பெரியவன் அனுப்பியிருக்கான்யா. அவனுக்கு ஒரு ஆசை. போட்டுரு" என்றார் அப்பா, கூச்சத்தோடு.

"கடைசிப் பக்கம் பாருங்க மாமா. சண்ட வந்தா சிங்கப்பூர் போகணுமாம்" என்றேன்.

"அப்ப கண்டிப்பா சண்ட போடுவோம்லா. நான் இன்னும் சிங்கப்பூரே பாத்ததில்ல. டிக்கெட் உங்கண்ணனா?"

"போறதுக்கு மட்டும். திரும்பி வாரது உங்க செலவு."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். அண்ணன் முன்பணம் அனுப்பினான்.

பழைய குளியலறை ஒரே காலையில் போய்விட்டது. உடைக்கிற வேலையில் எங்கள் ஆட்களைச் சொல்லக் குறை இல்லை. கூரை, சுவர், அந்தக் குறுகல் கதவு, எல்லாம் பிக்கப்பில் ஏறிப் போயின. பின்பக்கம் பெரிய சதுரமாகக் குழி தோண்டி, செங்கல் இரண்டு மூன்று வரி வைத்தார்கள். அப்பா சக்கர நாற்காலியைச் சமையலறை வாசலில் நிறுத்திக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். "மண்டோர் வேல கெடைச்சிருச்சு போல" என்றேன். "சம்பளந்தான் இன்னும் பேசல" என்றார்.

அதன் பிறகு ஆட்கள் வரவில்லை.

முதலில் மழை என்றார் மாமா. பிறகு மணல் வரவில்லை என்றார். பிறகு ஆளே போனை எடுக்கவில்லை. குழியில் மழைத் தண்ணீர் நின்று தவளை வந்தது. நாங்கள் நீலக் கன்வாஸ் ஒன்றைக் கட்டி, அதன் பின்னால் நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அடியில் வாளியும் வைத்தோம். நானும் அம்மாவும் அக்கம்பக்கத்தில் போய் வந்தோம். அப்பாவுக்கு அந்த வாளிதான். காலையில் வேலைக்குப் போகும் முன்பும் மாலையில் வந்ததும் அம்மா அதைக் கழுவுவார். அப்பா அந்த நேரத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

அம்மா தினமும் காலையில் ஒரு பச்சை பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அப்பா பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது பாட்டில் வைத்தபடியே இருந்தது. மறுநாளும் அப்படித்தான்.

"என்னப்பா, ஒட்டகத்துக்குப் போட்டியா?"

"தாகமில்லடா."

உதடு வெடித்திருந்தது. வெயில் காலம், தகரக் கூரை. தாகமில்லாமல் எப்படி இருக்கும்? உள்ளே தண்ணீர் போனால் வெளியே வரும், வந்தால் வாளிக்குப் போகும், வாளி அம்மா கைக்குப் போகும். அவர் அதைக் கணக்குப் போட்டு ஒரு முனையில் அடைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு அடுத்த கிண்டல் வரவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பேப்பர் இருக்குல்ல? கேஸ் போட்டுருவோம்" என்றான், ஏதோ அலமாரிக் கதவு மாதிரி.

முதலில் அவனுடைய மன்றத்தில்தான் முயன்றான். மனுவில் எதிராளியின் சிங்கப்பூர் முகவரி கேட்டிருந்தது. எதிராளிக்கு இருப்பது சுங்கை சிப்புட் முகவரி, பக்கத்தில் ஒரு சீனத் தவுக்கேயின் பன்றிப் பண்ணை. அண்ணன் அங்கே விசாரித்தான். ஒருவேளை எப்படியோ தீர்ப்பு வாங்கினாலும், அந்தச் சின்ன மன்றத்துத் தீர்ப்பைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் வைத்துப் பெரிய கோர்ட்டுக்குப் போகலாமாம். வக்கீலுக்கு ஆகும் காசைச் சொன்னான். அந்தக் காசுக்கு எங்கள் தாமானில் வீட்டுக்கு வீடு கதவு மாற்றலாம்.

"இங்கெல்லாம் கேஸ் போடுறது சுலபம்டா. ஆனா ஆளு இங்க இருக்கணும்" என்றான். சத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அப்ப ஆள அங்க அனுப்பவா? அவரும் டிக்கெட் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு."

அவன் சிரிக்கவில்லை.

அதனால் நான் ஈப்போவுக்குப் போனேன். இங்கேயும் வக்கீல் இல்லாமல் சின்ன வழக்குப் போடலாம். கட்டணத்தைக் கேட்டபோது எனக்கே ஆச்சரியம். ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குத்தான். அண்ணனுடைய கோழிச் சோற்றை எங்கள் வெள்ளிக் காசுக்கு மாற்றினால் எங்கள் நாடுதான் மலிவு. உடனே அவனுக்கு எழுதி அனுப்பினேன்: இங்கெல்லாம் உங்களைவிட மலிவு.

பெருமை கவுண்டர் வரைக்கும்தான். அங்கே இருந்த மலாய்க்கார அக்கா நல்லவர். நான் நிரப்பிய மனுவில் இருந்த தப்பையெல்லாம் அவரே பென்சிலால் குறித்துக் கொடுத்தார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் வந்ததும் பென்சில் நின்றது. அவர் மலாயில் கேட்டதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

"தம்பி, வீடு எங்க?"

"சுங்கை சிப்புட் அக்கா."

"பாத்ரூம்?"

"அதுவும் அங்கதான். பாத்ரூம தனியா வெளியூர்ல வைக்கிற அளவுக்கு வசதி இல்ல."

"அப்புறம் ஏன் சிங்கப்பூர்னு எழுதியிருக்கீங்க?"

என்ன சொல்ல? எங்கள் அண்ணனுக்குச் சிங்கப்பூர் என்றால் சாமி மாதிரி, அதான் கடைசியில் பேர் போட்டோம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, மனுவை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் எதிராளி இந்தப் பக்கத்தைக் காட்டித் தடை சொன்னால் மஜிஸ்திரேட்தான் முடிவு பண்ணுவார் என்றார்.

மலிவு என்று நான் எழுதி அனுப்பியதன் மீதிப் பாதி அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மனுப் போட ஒரு நாள். தப்பைத் திருத்திக்கொண்டு வர ஒரு நாள். என் முதலாளித் தவுக்கே தங்கமானவர், ஆனால் அவருக்கு ஒரே சட்டம்தான்: "லோரி தா ஜாலான், காஜி பூன் தா ஜாலான்." லோரி ஓடாத நாளில் சம்பளமும் ஓடாது. அதற்கு மேல் பெட்ரோல், ஈப்போவில் வண்டி நிறுத்துகிற காசு, வெளியே கன்வாஸ் காற்றில் கிழிந்ததால் புதுக் கன்வாஸ். இதெல்லாம் எந்த ரசீதிலும் வராது. இதற்கும் மேலே, வீட்டில் அந்தப் பச்சை பாட்டில். அங்கே அண்ணனின் அலமாரிக் கதவு கோணலாக நின்ற நாட்களில் அவனுடைய சட்டைகள் காத்திருந்தன. இங்கே காத்திருந்தது அப்பாவின் மூத்திரம். இரண்டு நாட்டுச் செலவையும் ஒப்பிடுகிறவர்கள் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ தெரியாது.

மனுவின் நகலை எதிராளியிடம் நான்தான் சேர்க்க வேண்டும். போனேன். மாமாவின் மனைவி வாசலுக்கு வந்து அவர் வீட்டில் இல்லை என்றார். வாசலில் சிமெண்டு காய்ந்த பூட்ஸ் இருந்தது.

"பூட்ஸ் இங்க இருக்கே அத்த. கால மட்டும் கழட்டிக்கிட்டுப் போயிட்டாரா?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அந்த அம்மா காகிதத்தை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

விசாரணை அன்று மாமா வரமாட்டார் என்று நினைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மஜிஸ்திரேட் ஓர் இளம்பெண். குளியலறை வேலை எங்கே நின்றுபோனது என்று கேட்டார். படம் காட்டினேன். படத்தில் தவளையும் இருந்தது. பிறகு மாமாவைக் கேட்டார். மாமா எழுந்து, நான்காய் மடித்த ஒப்பந்தத்தைப் பிரித்து, கடைசிப் பக்கத்தைக் காட்டினார்.

"இதுல சிங்கப்பூர்னு இருக்கு. அவங்களேதான் எழுதிக் குடுத்தாங்க."

அவர் கையெழுத்துப் போடும்போது நாங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. மஜிஸ்திரேட் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். இதை யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். வேறொரு தேதி கொடுத்து, அதற்குள் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ள முடியுமா பாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் மாமா என் தோளைப் பிடித்தார். "வா, தே தண்ணி குடிப்போம்."

எதிரில் இருந்த முஸ்லிம் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். அவரே இரண்டு தே தாரிக் சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். அது எனக்கு வராத வேலை. அவருக்கும் அது பழக்கமில்லை.

"நீ ஏதாவது திட்டிட்டாக்கூட நல்லாருக்கும்டா" என்றார்.

"முன்பணம் எங்க மாமா போச்சு?"

ஈப்போவில் ஒரு பெரிய ஆளுக்கு மூன்று கடைவீடு பூசிக் கொடுத்தாராம். அந்த ஆள் காசு தரவில்லை. பூச்சு வேலை செய்த பையன்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். எங்கள் முன்பணம் அந்தப் பையன்களுக்குப் போய்விட்டது.

"எங்கிட்டயும் பேப்பர் இருக்குடா. உங்கண்ணன் பேப்பரவிட தடிசு. கேஸ் போடலாம்தான். வக்கீல் கேக்குற காசு இருந்தா உங்கப்பாவுக்கு ரெண்டு பாத்ரூம் கட்டியிருப்பேன்."

"அப்புறம் ஏன் உள்ள போயி சிங்கப்பூர்னு சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? அம்மாம் பேரு முன்னால எங்கிட்ட காசு இல்லன்னு சொல்லவா?"

தேத்தண்ணிக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அவன முனியாண்டி கோயிலுக்கு வரச் சொல்லு" என்றார்.

தோட்டத்தில் தகராறு வந்தால் அங்கேதான் முடியும். கோழி காணாமல் போனாலும், எல்லை வேலி நகர்ந்தாலும், முனியாண்டி முன்னால் சூடத்தைக் கொளுத்தி, சொன்னது சத்தியம் என்று உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்கிறவன் கை நீளாது. செலவு ஒரு கட்டிச் சூடம். வக்கீல் இல்லை, தேதி தள்ளுவது இல்லை. அண்ணனுடைய மன்றம்கூட இந்த விலைக்கு வர முடியாது. அப்பா கேட்க நினைத்தது பெரிதாக ஒன்றுமில்லை. இன்ன மாதத்துக்குள் கட்டி முடிக்கிறேன் என்று மாமா சூடம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை என் கூட்டாளி ஒருவனின் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். லயம் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. முனியாண்டி மட்டும் செம்மண் சாலை ஓரத்தில் பழைய மரத்தடியில் நிற்கிறார். சக்கர நாற்காலி மண்ணில் புதைந்ததால் நானும் கூட்டாளியும் அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் போய் சூலத்தின் முன்னால் வைத்தோம். "சாமிக்குப் பல்லக்கு, உங்களுக்கு நாங்க" என்றேன். அப்பா கையில் சூடப் பொட்டலம் இருந்தது.

மாமா சொன்னபடி வந்தார். பிக்கப்பைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, அங்கேயே நின்றார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"அண்ணே, மன்னிச்சிருங்க. நாங்க இப்ப சர்ச்சுக்குப் போறோம். போன வருசத்துலேருந்து. என்னால சூடம் அடிக்க முடியாது."

"சரி, உங்க சாமி மேல பண்ணு" என்றார் அப்பா.

"சத்தியமே பண்ணக்கூடாதுன்னு எங்க பாஸ்டர் சொல்லியிருக்காருண்ணே."

நான் தாங்காமல் வாயைத் திறந்தேன். "ஏன் மாமா, சிங்கப்பூர்லயும் நீங்க இல்ல, ஈப்போவுக்கும் நீங்க இல்ல, இப்ப முனியாண்டிக்கும் இல்ல. எந்த ஊரு மாமா உங்களுக்கு?"

அவர் முகம் கறுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இடித்த இடம் வலித்துவிட்டது என்று தெரிந்தது. வலிக்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

"விடுடா" என்றார் அப்பா. சூடப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஏய்யா, கதவு வாங்கிட்டியா?"

"கதவு வாங்கி வச்சிட்டேண்ணே. அகலக் கதவு. வீட்டுலதான் இருக்கு."

"அதையாவது கொண்டா."

அடுத்த வாரம் கதவு வந்தது. மாமா ஒருவரே பிக்கப்பிலிருந்து இறக்கி, சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. நல்ல கதவு. அகலம், பாரம், உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில் கைப்பிடி. அளவெடுத்துச் சொல்லிச் செய்திருக்கிறார். மூன்று கோர்ட்டிலும் எங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

இரண்டாவது விசாரணைத் தேதிக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் கூட்டாளியும் அந்தக் கதவைச் சுற்றிக் குளியலறை கட்ட ஆரம்பித்தோம். அவனுக்குச் செங்கல் வைக்கத் தெரியும் என்று அவனே சொல்லிக்கொள்வான். குழியைத் தூர்த்தோம். தவளையை வாளியில் பிடித்து வாய்க்காலில் விட்டேன். சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியது. "முழுகாம இருக்கு போல" என்றார் அப்பா. தரைக்குச் சரிவு வைத்ததில் தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் எதிர் மூலைக்குப் போயிற்று. பரவாயில்லை, துடைப்பத்தால் தள்ளலாம் என்றோம்.

கூரைத் தகரம் ஏற்றிய வாரத்தில் அப்பாவின் முகம் வீங்கியது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். இனி வாரத்தில் மூன்று தடவை மெஷினில் ரத்தத்தைக் கழுவ வேண்டும்.

டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டேன். "தண்ணி குடிக்காம இருந்தாரு டாக்டர். அதனாலயா?"

"சர்க்கரை நோய்தான் காரணம். ரொம்ப நாளாவே கெட்டுக்கிட்டு வந்திருக்கு" என்றார்.

அது மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கோர்ட்டுத் தேதி அன்று அப்பாவுக்கு மெஷின். நான் அவரோடு உட்கார்ந்திருந்தேன். மனு போட்டவர் வராததால் வழக்குத் தள்ளுபடி ஆகிவிட்டது என்று பிறகு தெரிந்தது. சிங்கப்பூர் என்ற அந்த வார்த்தை செல்லுமா செல்லாதா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. அண்ணன் விடுமுறைக்கு வந்தான். பின்பக்கம் போய் வயிறு தள்ளிய சுவரைத் தடவிப் பார்த்தான். "இங்கெல்லாம்" என்று ஆரம்பித்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் முடிக்கவில்லை.

குளியலறை இப்போது தயார். படி இல்லை. சக்கர நாற்காலி கதவைத் தொடாமல் உள்ளே போகும். அப்பாவுக்கு இப்போது ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். பச்சை பாட்டிலில் அம்மா மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருக்கிறார், பாதிக்கும் கீழே. காலையில் அதுவரைக்கும் நிரப்பி வைப்பார். மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். இப்போதெல்லாம் அவருக்குத் தாகம் தாங்கவில்லை. குடிக்கத்தான் கூடாது. சிறுநீர் வருவதும் ஏறக்குறைய நின்றுவிட்டது.

ஆனாலும் தினமும் காலையில் அப்பா குளியலறைக்குப் போகிறார். சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு, தானே உள்ளே திரும்பி, கைப்பிடியை எட்டிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். நாங்கள் உதவிக்குப் போனால் கோபம் வரும். அரை மணி நேரம் சத்தமே இருக்காது.

நேற்று வேலைக்குக் கிளம்பும்போது கதவைத் தட்டினேன்.

"அப்பா, உள்ள என்ன, கேஸ் நடக்குதா?"

"தேதி தள்ளி வச்சிருக்காங்கடா" என்றார் உள்ளிருந்து. "நீ போ. லோரிக்கு நேரமாகுது."